எந்த இயங்குதளம் வேண்டும்

எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். தேநீரில் சர்க்கரை போட்டேன், கலக்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நேற்றைய ரொட்டியில் ஃபூல் என்கிற மொச்சை மசியலைத் தடவி, நின்றபடியே தின்றேன். டிராமில் சீதி காபர் நிறுத்தம் வரை உட்கார இடம் கிடைத்தது.

அலுவலகத்தில் டாக்டர் சஃபினாஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். ரத்ததானக் கழகம் அவர் பொறுப்பு. கழகத்தின் இணையதளம் எங்கள் சர்வரில் இருந்தது. அதை எழுதியவள் என் மனைவி இங்கி. குளிர்காலத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவள் இறந்துபோனாள். எங்கள் சிறிய நிறுவனத்தில் மிச்சம் நானும் அவள் அண்ணன் தர்வத்தும்.

சர்வரில் இருந்தது பழைய லினக்ஸ். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. தெரிந்தே தள்ளிப்போட்டோம். இரவில் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். இணையதளம் செத்துக் கிடந்தது.

பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை என்றார் டாக்டர். ஓ நெகடிவ். கையில் இருக்கும் பைகள் சாயங்காலம் வரைக்கும்தான். நான் பழைய காப்புப் பிரதியிலிருந்து கொடையாளர்களின் எண்களை எடுத்துக் கொடுத்தேன். செவிலியர்கள் அழைத்தார்கள். தெரியாத எண் என்று பலர் எடுக்கவில்லை. தளத்திலிருந்து போகும் செய்திக்குத்தான் ஆட்கள் பழகியிருந்தார்கள்.

புதிய சர்வரை வாடகைக்கு எடுத்தேன். திரையில் ஒரே கேள்வி: எந்த இயங்குதளம் வேண்டும்? நான் டெபியன் லினக்ஸின் மேல் அம்புக்குறியை வைத்தேன். தர்வத் என் கையைப் பிடித்தான்.

அவன் முன்பு ஒரு வங்கியில் விண்டோஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன். அதில் ஏதாவது ஆனால் கூப்பிட இந்த ஊரில் பத்துப் பேரைத் தெரியும் என்றான். லினக்ஸ் தெரிந்தவள் போய்விட்டாள் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மாப்ளே, நீ ராத்திரி தூங்கறதே இல்ல. நாளைக்கு நீயும் படுத்துட்டா யாரு பார்ப்பா? உன் வீட்டுப் பூனையா?"

"விண்டோஸ் மட்டம்னு சொல்லல மச்சான். அவ எழுதினது எல்லாம் லினக்ஸுக்கு எழுதினது. செய்தி அனுப்பற பகுதிய விண்டோஸுக்கு மாத்தணும்னா ரெண்டு மூணு நாளாகும். டெபியன்ல அப்படியே ஏறும்."

"ஏறலேன்னா?"

அவள் இல்லாமல் நான் ஒரு சர்வரை முதலிலிருந்து நிறுவியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

டாக்டரின் கைபேசி ஒலித்தது. கேட்டார், வைத்தார். இன்னொரு பை ஏற்றிவிட்டார்களாம்.

தர்வத் நாற்காலியை என் பக்கம் இழுத்தான். "கடைசி நாள் அவகூட இருந்தது நீதான். இதப்பத்தி ஏதாவது சொன்னாளா? அவ டெபியன்னு சொல்லியிருந்தா நான் வாய மூடிக்கறேன்."

டாக்டரும் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றால் போதும். அண்ணன் தங்கையோடு வாதாடப் போவதில்லை.

"இல்ல. சொல்லல. நான் சொல்றேன். டெபியன்."

தர்வத் என் கையை விட்டான்.

"அப்ப நீ அடி. ஒவ்வொரு வரியும் எனக்குப் படிச்சுக் காட்டாம அழுத்தாத. அரைத்தூக்கத்துல எதையாவது அழிச்சிடுவ."

அடித்தேன். அவன் படித்தான். இரண்டு இடத்தில் என் பிழையைப் பிடித்தான். தரவுகள் ஏறின. தளம் திறந்தது. செய்தி மட்டும் போகவில்லை. சர்வரிலிருந்து செய்தி வெளியே போகும் வழி பூட்டியிருந்தது. அது எங்கே என்று தேடுவதற்குள் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு முடிந்திருந்தது. டாக்டர் நின்றுகொண்டே இருந்தார். வழியைத் திறந்தேன். மறுபடி அனுப்பினேன்.

போனது.

முஹர்ரம் பே பகுதியிலிருந்து ஒருவர் வருகிறேன் என்றார். பிறகு ஒரு மாணவி. பிறகு ஒரு டாக்ஸி ஓட்டுநர், வண்டியில் இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு. டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார். சாயங்காலம் அழைத்தார். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நின்றுவிட்டதாம்.

தர்வத் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நீ பொய் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்டா" என்றான். "அப்ப கடைசியா என்னதான் சொன்னா?" என்று கேட்டான்.

அன்று நான் மீன் வாங்கப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். இங்கி மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

"மீன்காரன்கிட்டயே செதில் சொரண்டி வாங்கிட்டு வா. இல்லேன்னா நீதான் உக்காந்து சொரண்டணும், சொல்லிட்டேன்."