நாலு தங்கம், ஒரு குத்தும் இல்லை

கருங்குழி பிரிசில்லா நாலு வருடமாக மாவட்டப் பெண்கள் குத்துச்சண்டை சாம்பியன். ஐம்பது கிலோ பிரிவில் நாலு தங்கம். ஆனால் மேடையில் அவள் இதுவரை ஒருத்தியையும் குத்தியதில்லை. குத்துவதற்கு ஆள் வந்தால்தானே? அந்தப் பக்கத்தில் கையுறை மாட்டிய முதல் பெண் அவள்தான். இரண்டாவது பெண் வரவேயில்லை. எதிராளி இல்லாததால் வெற்றி என்று அறிவித்து, சான்றிதழில் 'வாக்கோவர்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அவள் அம்மா சாராளோ அதை ஒரு பெண்ணின் பெயர் என்றே நினைத்திருந்தாள். என் மகள் அந்த வாக்கோவரை நாலு தடவை தோற்கடித்தாள் என்று சர்ச்சில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. போதாக்குறைக்கு, பாவம், அடி வாங்கிய பிள்ளை என்று அவளுக்காக ஜெபம் வேறு. பிரிசில்லா பில் போடும் மருந்துக்கடையில் விஷயம் தெரிந்தவர்கள், "இன்னாம்மா, இந்த வருசமும் காத்தோடதான் சண்டையா?" என்று சீண்டுவார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிப்பு உள்ளே இறங்காது.

ஐந்தாவது வருடம் போட்டி மாமல்லபுரத்தில். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஒரு நிஜப் பெயர் இருந்தது: ஷாஜாதி. புதுப்பட்டினத்துக்காரி, பத்தொன்பது வயது. பிரிசில்லா அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

காலை ஏழு மணிக்கு எடை பார்த்தார்கள். ஷாஜாதி ஏறியதும் தராசு ஐம்பது கிலோ நானூறு கிராம் காட்டியது. வெறும் வயிற்றோடு வருவதுதான் வழக்கம். ஆனால் அவள் அம்மாவோ, அடி வாங்கப் போகிற பிள்ளையைப் பட்டினியோடு அனுப்புவதா என்று, பாயாவும் இடியாப்பமும் ஊட்டிவிட்டிருந்தாள். அதிகாரி தீனதயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை வரை அவகாசம். அதற்குள் குறையாவிட்டால் ஷாஜாதி வெளியே.

பயிற்சியாளர் கண்ணாயிரம் பிரிசில்லாவை ஓரமாக இழுத்துப் போனார். பேசாமல் உட்கார்ந்தால் ஐந்தாவது தங்கம், இந்த வருடத்திலிருந்து மாநிலப் போட்டிக்கும் நேரே டிக்கெட் என்று காதைக் கடித்தார்.

"அஞ்சாவது தபாவும் அந்த வாக்கோவர் மூஞ்சில முழிக்க முடியாது சார்" என்றாள் பிரிசில்லா.

வியர்த்துக் கொட்டட்டும் என்று தன் மழைக்கோட்டை ஷாஜாதிக்கு மாட்டிவிட்டாள். எதிர்க்கடையில் ஒரு உருண்டை புளி வாங்கி அவள் வாயில் திணித்தாள். "முழுங்காத. எச்சில் ஊறும், துப்பிக்கினே ஓடு. நானும் வரேன்."

இருவரும் கடற்கரை மணலில் ஓடினார்கள். ஷாஜாதி பத்தடிக்கு ஒருமுறை துப்பினாள். படகோரம் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, புளியையும் துப்பலையும் பார்த்துவிட்டு, "எத்தினி மாசம் கண்ணு? இப்டி ஓடக் கூடாதும்மா" என்றாள். ஷாஜாதிக்கு வந்த சிரிப்பில் புளி தெறித்து மணலில் விழுந்தது. பிரிசில்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு புதுப் புளி, மறுபடி ஓட்டம்.

எட்டு இருபத்தைந்துக்குத் தராசு நாற்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் காட்டியது.

சாயங்காலம் மணி அடித்தது. ஷாஜாதியின் முதல் குத்து நேராக மூக்கில் இறங்கியது. கண்ணில் நீர் முட்ட, பிரிசில்லாவுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. ஐந்து வருடமாக மணல்மூட்டைக்கே கொடுத்துவந்ததையெல்லாம் அவள் திருப்பிக் கொடுத்தாள். ஷாஜாதியும் சளைக்கவில்லை. மூன்று சுற்றும் முடிந்தபோது கூட்டம் நாற்காலிமேல் நின்றது.

மேடை நடுவர் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மதிப்பெண் போட்ட ஐந்து பேரில் மூன்று பேர் ஷாஜாதி பக்கம். நடுவர் அவள் கையை உயர்த்தினார்.

கண்ணாயிரம் தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கமும் போச்சு, மாநிலமும் போச்சு, புளி வாங்கிக் கொடுத்துத் தோற்ற ஒரே ஆள் நீதான் என்று பொரிந்து தள்ளினார்.

பிரிசில்லா மூக்கைத் துடைத்தாள். முகம் பூத்திருந்தது. "ரெண்டு பேரு எனக்குப் போட்டுகிறாங்க சார். நான் ஆடுனத பாத்து போட்டுகிறாங்க."

அதற்குள் ஷாஜாதியே வந்து நின்றாள். மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறதாம். பழகுவதற்கு அவளுக்கும் ஆள் இல்லையாம். "ஞாயித்துக்கெழம கருங்குழி வரட்டாக்கா?"

"ஞாயிறு வரைக்கும் இன்னாத்துக்கு?" என்றாள் பிரிசில்லா. "நாளைக்கே வா."