பார்மாஷ் ஏற்றத்தில் நிறுத்தாத வண்டி

லெஸ்கோவிக்கிலிருந்து கோர்ச்சாவுக்கு மலைப்பாதையில் பயணிகள் வேன் ஓட்டி வந்தான் நெரிதான் என்பவன். வண்டி அவனுடையது அல்ல. அண்ணன் ஃபத்பார்த் வாங்கியது. அண்ணன் இறந்த பிறகு அண்ணி மினெவெரேயின் பெயருக்கு வந்தது. அண்ணியின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டி ஓடுவதால்தான். அதை ஓட்டித் தரும்படி அவள் கேட்டபோது நெரிதான் யோசிக்காமல் சரி என்றான்.

அந்த ஆகஸ்ட் காலையில் பார்மாஷ் கணவாய்க்கு ஏறும் பாதையில், அதே தடத்தில் போட்டிக்கு ஓடும் பெஜெத்தின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே அவனை முந்திப் போனது. பெஜெத் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கழுதையை ஓட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினான். முதலில் போகிறவனுக்குத்தான் வழியிலுள்ள எர்சேகாவில் காத்திருக்கும் பயணிகள் கிடைப்பார்கள். நெரிதான் கியரை இறக்கி, ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்.

இரண்டு வளைவு தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அவன் பார்த்தான். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்: ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஹீட்டரை முழுசாகத் திருகினான். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும் என்று கணக்கு.

"யப்பா, எங்கள வேகவைக்கிறியா?" பின்னால் மடியில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கத்தினாள். "ஏதோ தீயிற நாத்தம் வருது. நிறுத்திப் பாரேன்."

"மேல ஏறினதும் சரியாயிரும்மா. ஜன்னலத் தெறந்து விடுங்க."

அடுத்த வளைவில் முள் சரசரவென்று கீழே இறங்கியது. அவனுக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, ஆறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் உள்ளுக்குள் எதுவோ நம்ப மறுத்தது. தண்ணீர் இருந்தால்தான் அந்த முள் சூட்டைக் காட்டும். தண்ணீரே இல்லாமல் போனால் அது எதைக் காட்டும்? இது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த நேரத்தில் தெரியாமல் இருக்கவே விரும்பினான்.

கணவாய் உச்சிக்குச் சற்று முன் எஞ்சின் ஒருமுறை அலறிவிட்டு நின்றது. மூடியைத் தூக்கினால் ஒரே ஆவி. பக்கத்து ஊற்றில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வந்து, கொதிக்கும் எஞ்சினில் ஊற்றினான். டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி டம்ளரில் விரிசல் விழுவது போன்ற சத்தம்.

பயணிகள் மரம் ஏற்றி வந்த ஒரு லாரியில் ஏறி கோர்ச்சா போய்விட்டார்கள். ஒரு டிராக்டர் வேனை எர்சேகாவுக்கு, மெக்கானிக் ஸோதிரின் பட்டறைக்கு இழுத்துப் போனது. சமீபத்தில்தான் ஸோதிர் அந்த வண்டிக்குத் தண்ணீர் பம்ப் மாற்றியிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"திடீர்னு முள் ஏறிச்சுண்ணே. பார்த்த உடனே நிறுத்திட்டேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் பொய் என்பது அவனுக்கே உறைத்தது. திரும்ப எடுக்க ஒரு நொடி இருந்தது. அதற்குள் ஸோதிர் ஆயில் மூடியைத் திருகிவிட்டார். மூடியின் அடியில் பழுப்பு வெள்ளையாக, பால் ஊற்றிய காபி ஆடைபோல ஒட்டியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்திருச்சு," என்றார். முகம் இறுகியது. "எஞ்சின் மூடிக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. அதோட விட்டிருந்தா நம்ம அதிர்ஷ்டம்."

சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். முதல் இரண்டும் சுமார். மூன்றாவதில் முள் அசைந்ததோடு சரி. நான்காவதிலும் அதே கதை. ஸோதிர் ஹெட் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். மாலைக்குள் அது மேசைமேல் கிடந்தது. அதன்மேல் இரும்புப் பட்டையை நேராக நிறுத்தி, பின்பக்கம் விளக்கைப் பிடித்தார். நடுவே வெளிச்சம் கோடாகக் கசிந்தது. வளைந்திருந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவில் முடிபோல ஒரு விரிசல். பிறகு நான்காவது சிலிண்டருக்குள் விரலை விட்டு மேலும் கீழும் தடவினார்.

"நகம் மாட்டுது. சுவரே கீறியிருக்கு. இந்த எஞ்சின் முடிஞ்சுதுடா."

நெரிதான் சுவரில் சாய்ந்துகொண்டான். ஸோதிர் குனிந்து ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பம்ப்புக்குப் போகும் ஹோஸில் கை நின்றது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையம் விரலால் திருகினாலே சுற்றியது.

"இது நான் மாட்டினது," என்றார். "முறுக்காம விட்டிருக்கேன்."

கிளாம்பைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அதை மேசைமேல் ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் மினெவெரே வந்தாள், பெஜெத்தின் வேனில்தான். வேறு வண்டி ஏது? ஸோதிர் கையைத் துடைத்துவிட்டு, கிளாம்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னார்.

"தப்பு என்னோடதும்மா. வேற எஞ்சின் தேடித் தர்றேன். மாட்டித் தர்றேன்."

"பெரிய தொழில்காரன்!" அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. "என் புருஷன் இருக்கிறப்ப இப்படி விட்டிருப்பியா? கேக்க ஆளில்லாத பொம்பளைதானேன்னு அலட்சியம்! என் பிள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டியே!"

ஸோதிர் தலை குனிந்து நின்றார். நெரிதான் வாசலில் நின்றான். அண்ணி அவன் பக்கம் திரும்பி, "நல்ல வேளை, நீ உடனே நிறுத்தினே. உங்கண்ணனா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பார்," என்றாள்.

வீட்டில் அவனுக்குத் தட்டு நிறைய அவரைக்கொட்டைக் கூட்டு வைத்து, பாலாடைக்கட்டியையும் தள்ளினாள். "சாப்பிடு. நீ ஏன் முகத்தத் தொங்கப் போடற? உன் தப்பா?" சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பான், அண்ணன் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், மூடிக்கொள்வான்.

மீண்டும் பட்டறைக்குப் போனபோது ஸோதிர் ஒரு டாக்சிக்குக் கீழே கிடந்தார். அவர் முறுக்கிய கிளாம்பையே மறுபடி முறுக்குவதை நெரிதான் பார்த்தான். எழுந்து வந்தார், டாக்சிக்காரன் சாவியைக் கேட்டதும், "இரு, இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்று திரும்பக் கீழே போனார்.

டாக்சிக்காரன் போன பிறகு ஸோதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் வேலை பாத்த வண்டிக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். கொண்டாங்க, திரும்பப் பாக்கறேன்னு. என் கையவே என்னால நம்ப முடியலடா. பட்டறைய மூடிடலாமான்னு இருக்கு. அடுத்த தடவ பிரேக்குல விட்டா?"

நெரிதான் ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்றான்.

"அண்ணே, நான் உடனே நிறுத்தல."

ஸோதிர் நிமிர்ந்தார்.

"முள் சிவப்புக்குப் போனதப் பாத்தேன். பெஜெத் முந்திட்டான்னு ஓட்டிட்டே இருந்தேன். ஹீட்டரப் போட்டேன். முள் எறங்கிச்சு, அப்பவும் நிறுத்தல. அப்புறம் பச்சத் தண்ணியையும் ஊத்தினேன்."

ஸோதிர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை அவன் முகத்தில் வீசினார். "நாயே! நான் தூங்கலடா! என் கண்ணு போச்சு, கை போச்சுன்னு கெடந்து செத்துட்டிருக்கேன், நீ நின்னு வேடிக்கை பாத்தியா?"

அவன் துணியை எடுக்கவில்லை.

மூச்சு வாங்கிய பிறகு அவர் சொன்னார்: "தண்ணி ஒழுகினது என் தப்பு. அது எப்பவும் என் தப்புதான். நீ அப்பவே நிறுத்தியிருந்தா ஒரு கிளாம்ப், கொஞ்சம் தண்ணி, போயிட்டே இருந்திருப்பே. எஞ்சினக் கொன்னது நீ. என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

மினெவெரே தோட்டத்தில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பெஜெத் கையாட்டியதைக்கூட விடவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"தப்பு வெளியாளோடதுன்னு நெனச்சுத் திட்டினேன், மனசு கொஞ்சம் ஆறிச்சு," என்றாள். "இப்ப நான் யார்கிட்டப் போய்க் கத்துவேன், சொல்லு."

"என்னத் திட்டுங்க அண்ணி."

"உன்னத் திட்டிட்டு சாயங்காலம் உன்கூட ஒரே மேசையிலதான உக்காரணும்." தலைத்துணி நுனியில் முகத்தைத் துடைத்தாள். "அந்த மனுஷனத் தெருவுல வச்சுக் கேவலப்படுத்திட்டேனே. அதுக்கும் சேத்துத்தான் உன்மேல கோவம்."

அன்றே பிளம் ஜாம் ஜாடியோடு எர்சேகாவுக்குப் போனாள். பட்டறை வாசலில், தெருவுக்குக் கேட்கும்படியே, ஸோதிரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் ஜாடியை வாங்கிக்கொண்டு, "கிளாம்ப் என்னோடதுதாம்மா," என்று மட்டும் சொன்னார்.

கோர்ச்சாவில் மோதி நசுங்கிய ஒரு வேனிலிருந்து எஞ்சின் கிடைத்தது. ஸோதிர் மாட்டினார், தூக்குவது, கழுவுவது, தேய்ப்பது எல்லாம் நெரிதானின் பொறுப்பு. வேலையைத் தவிர இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கிளாம்பையும் ஸோதிர் முறுக்க, நெரிதான் தொட்டுப் பார்த்தான்.

வண்டிக்கு உயிர் வந்த அன்று மினெவெரே சாவியை அவனிடம் நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"வேற யாரையாவது வச்சுக்கோங்க அண்ணி."

"யாரு இருக்கா? புடி. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு வேற ஆளில்ல."

அவன் வாங்கிக்கொண்டான். முதல் ஓட்டத்துக்கு அவளும் முன் இருக்கையில் ஏறினாள். எர்சேகாவில் ஸோதிர் பின்னால் ஏறி, வழியெல்லாம் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வந்தார். கோர்ச்சாவில் அவள் இறங்கி, கீரையை உள்ளே வைத்துச் சுட்ட, ஆவி பறக்கும் ப்யூரெக் அடை மூன்று வாங்கினாள். ஒன்றை ஸோதிருக்குக் கொடுத்தாள். இன்னொன்றைக் காகிதத்தோடு ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவனுக்குப் பசித்தது. சாப்பிட்டான்.