கிரைண்டர் செருப்பு

எங்கள் வீட்டில் கிரைண்டருக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு உண்டு. நான் பாளையம்பட்டிக்கு மருமகளாக வந்த மறுநாள் மாமி மீரான் பீவி முதலில் காட்டியதே அதைத்தான். போடாமல் கிரைண்டரைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். பதினோரு வருஷமாக அடிக்கிறதாம். சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. செருப்பு தேய்ந்தால் மட்டும் தவறாமல் புதுசு வாங்கிவிடுவார்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். திருச்சுழி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துபாயிலிருக்கும் என் வீட்டுக்காரர் முஸாஃபர், அம்மாவிடம் கேட்டுக்கொள் என்று போனிலேயே நழுவிவிட்டார். மாமி, "பாப்போம்" என்றார். இந்த வீட்டில் பாப்போம் என்றால் கிடையாது என்று அர்த்தம். கரண்டில் கை வைக்கிற வேலையா என்று அவருக்குப் பயம். தினமும் கரண்டோடு மாவாட்டுகிறவருக்கு இந்தப் பயம் வந்ததில் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் மெயினை அணைத்துவிட்டுக் கிரைண்டரைப் பிரித்தேன். உள்ளே ஓர் ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. மாற்றினேன். பிளக்கில் தடித்த முள்ளைக் காணோம். சுவரில் இருந்த ஓட்டையில் நுழையவில்லை என்று மாமா சுல்தான் எப்போதோ ரம்பத்தால் அறுத்துவிட்டாராம். எர்த் ஒயரோடு சேருகிற முள் அது. தப்பி வரும் கரண்டு மண்ணுக்குள் இறங்க அதுதான் வழி. அந்த வழியை அடைத்ததால், தொட்டவர் உடம்பு வழியாக இறங்கியிருக்கிறது. சுவர் சாக்கெட்டையும் பிளக்கையும் புதுசாக மாற்றினேன்.

அடுத்து, அந்த எர்த் ஒயர் மண்ணில் இறங்குகிற கொல்லைக் குழி. மெயினைப் போட்டு, பல்பின் ஒரு முனையைக் கரண்டிலும் மறுமுனையை எர்த் ஒயரிலும் கொடுத்துப் பார்த்தேன். பல்பு செத்தும் சாகாமலும் எரிந்தது. காய்ந்த மண் கரண்டை வாங்காது. எங்கள் ஊர் மண்ணில் ஈரம் ஏது? பல்பைக் கழற்றி, மெயினை அணைத்து, குழியில் கரியும் உப்பும் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஊறியதும் மறுபடி பார்த்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது.

கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி கேட்டார்: "காஞ்சு போனா?"

"தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும் மாமி."

மாமி கொல்லை மூலையைப் பார்த்தார். "தொழுகைக்கு ஒளு எடுத்துக் கைகால் கழுவுற தண்ணி அஞ்சு நேரமும் சும்மாதான ஓடுது." மண்வெட்டியை எடுத்து, அங்கிருந்து குழிவரை அவரே வாய்க்கால் வெட்டினார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, ஓடும் கிரைண்டரை வெறுங்காலோடு நான் முதலில் தொட்டேன். பிறகு மாமி செருப்பைக் கழற்றினார். ஒரு விரல். அப்புறம் முழுக்கை. நெடுநேரம் கையை எடுக்கவே இல்லை.

பட்டறைக்கு வரச் சொல்லியிருந்த திங்கட்கிழமை காலை, கிரைண்டர் பக்கம் செருப்பைக் காணோம். மாமி வெறுங்காலோடு மாவு வழித்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு வேலைக்கு வெறுங்காலோட நிக்கக் கூடாது புள்ள" என்றார், திரும்பாமலே.

வாசலில் அந்த ரப்பர் செருப்பு, தேய்த்துக் கழுவிய ஈரம் காயாமல், தெருவைப் பார்த்துக் கிடந்தது.