வரப்பில் இறக்கித் தரும் வீடு

சாலைக்குக் குறுக்கே கிடந்த புளியமரம் வீரமுத்துவின் பாட்டனார் காலத்தில் வைத்தது. அதை வெட்டிச் சாய்த்ததில் முதல் கோடரி வீரமுத்துவின் மகன் அறிவுச்செல்வனுடையது. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த சமயம். இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டமெங்கும் சாலை மறியல். கச்சிராயபாளையம் சாலையில் மைலுக்கு இரண்டு மரம் படுத்துக் கிடந்தது.

மரத்துக்கு இந்தப் பக்கம் வீரமுத்துவின் டிராக்டர் நின்றது. பெட்டி நிறைய நெல் நாற்று. விடியலில்தான் பிடுங்கி, வேர் அலசி, முடி முடியாகக் கட்டி ஏற்றியிருந்தார்கள். ஏற்றி முடித்த பிறகுதான் மரம் சாய்ந்தது. எல்லாம் கல்வராயன் மலையில் இருசப்பனின் ஊருக்கு.

மலையில் காட்டை வெட்டிக் காயவைத்து, கொளுத்தி, சாம்பலில் விதை தெளிப்பதுதான் வழக்கம். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சரிவு சத்துப் போனதும் அடுத்த சரிவு. காடும் குறைந்தது, விளைச்சலும் குறைந்தது, வனத்துறையின் கெடுபிடி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஊர்ப் பெரியதனக்காரரான இருசப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். ஓடைப் பள்ளத்தில் கல்லடுக்கி, வரப்புக் கட்டி, தண்ணீரைத் தேக்கிக் கழனி நடவு செய்து பார்ப்பது. நாற்றங்கால் விட்டார்கள், ஒரே இரவில் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனது. அதனால்தான் தலைமுறையாகப் பழக்கமுள்ள வீரமுத்துவிடம் வந்து நாற்று கேட்டார்.

"நாத்து மட்டும் குடுங்க. எங்க ஆளுங்க எறங்கி வந்து தலைச்சுமையா தூக்கிக்கினு போயிடுவாங்க" என்றார் அன்று.

வீரமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க வூட்ல அப்பிடி வழக்கம் இல்ல இருசப்பா. நாத்து குடுக்கிறவன் வாங்கறவன் வரப்புல கொண்டுபோய் எறக்கணும். நீ சேறு கலக்கி வெச்சிட்டு உக்காரு. நாத்து வரும்."

அந்த வார்த்தையை நம்பித்தான் இருசப்பன் கரியராமர் சன்னதியில் தன் ஜனத்தைக் கூட்டி, இந்த வருஷம் சரிவில் நெருப்பு வைப்பதில்லை என்று சொல்ல வைத்திருந்தார். அவர்கள் கோடையில் காட்டைக் கொளுத்தவில்லை. சாமை விதைக்கவுமில்லை.

வீரமுத்து மகனிடம் போய் நின்றார். கேட்கவில்லை, நின்றார். அறிவுச்செல்வனுக்குப் புரிந்தது.

"அப்பா, காலைல ஒரு புள்ளத்தாச்சி வண்டிய வுட்டோம். அது வேற. நம்ம வூட்டு டிராக்டர வுட்டா நாளைக்கு எவன் நம்ம பேச்ச மதிப்பான்? மார்க் இருந்தும் எனக்கு சீட்டு இல்லன்னு திரும்பி வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, சும்மா வுடக்கூடாதுன்னு?"

"நான் இப்ப வழி வுடுன்னு கேட்டனா?" என்றார் வீரமுத்து.

கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. மகன் வழி விட்டிருந்தால் அந்த இடத்திலேயே தானே அவனைத் திட்டியிருப்போம் என்றும் அவருக்குத் தெரிந்தது.

மத்தியானம் இருசப்பன் ஊர் மலைக்காரி தைலம்மாள் கடுக்காய் விற்ற கூடையோடு நடந்து வந்தாள். டிராக்டர் ஓட்டி பாவாடை அவளைக் கண்டதும் துள்ளி இறங்கினான். "பெரியவரே, இந்தம்மா கையில சொல்லி அனுப்பலாங்க. ராவுக்குள்ள சேதி போயிடும். ஆளுங்க வந்து தூக்கிக்கினு போவட்டும்."

"வந்து எடுத்துக்கோன்னு சொல்றதா?"

"நாத்து காஞ்சிடுமுங்க."

"நாளைக்கு வழி வுட்டுடுவாங்க. சாக்க நனைச்சிப் போடு."

தைலம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு மரத்தைச் சுற்றி நடந்து போனாள்.

மறுநாள் வழி விடவில்லை. பாவாடை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். மறியல்காரப் பையன்கள் வேடிக்கையாக, "அண்ணே, டிராக்டர்லயே நட்டுடு, அறுப்புக்கு நாங்க வரோம்" என்றார்கள். வீரமுத்து திரும்பிப் பார்த்தார். அவர்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில் இருசப்பனே வந்து நின்றார். கால் முழங்கால்வரை செம்மண்.

"வா இருசப்பா."

"தைலம்மா அவ தங்கச்சி வூட்ல தங்கிட்டு நேத்து பொழுது சாயத்தான் வந்து சொல்லிச்சி. வெள்ளி முளைக்க எறங்கிட்டேன்" என்றபடி இருசப்பன் பெட்டியில் ஏறி, அடுக்குக்குள் கையை விட்டார். விட்ட கையைச் சட்டென்று எடுத்தார். உள்ளே வைக்கோல் போர் புழுங்குவது போல் சூடு. ஒரு முடியை உருவினார். தாள் மஞ்சளாகி, வேர் கொழகொழவென்று விரலில் ஒட்டியது.

"ஒரு சேதி அனுப்பியிருந்தா முப்பது பேர் வந்திருப்போமுங்க" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் வீரமுத்துவால் தாங்க முடியாததாக இருந்தது.

"வேற நாத்து..."

"உங்களுதே இவ்ளோதானுங்களே. இனிமே விதை விட்டு வளர்த்தா மலைல பனி வந்துடும். கதிர் புடிக்காது."

"நெல்லு அனுப்பறேன். அறுப்பு வரைக்கும் உங்க ஊருக்கு வேணுங்கிறது."

இருசப்பன் கீழே இறங்கினார். "வாங்கித் தின்றதுக்கா பொம்பளைங்க கல்லு சுமந்தாங்க? வேணாங்க. கெழங்கு இருக்குது, கூலிக்குப் போவாங்க. தை பொறந்தா காட்ட வெட்டுவாங்க. நான் இன்னா சொல்லித் தடுக்கறது? இனிமே என் பேச்சு எடுபடாது."

வீரமுத்து துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "அந்தக் கழனில தேக்கி வெச்ச தண்ணி?"

"வெட்டி வுட்டுடுவோங்க. சும்மா நின்னா வரப்பு கரையும்."

கும்பிட்டுவிட்டுப் போனார். மரத்தருகே அறிவுச்செல்வன் எழுந்து அவருக்கு வழி விட்டான். நடந்து போகிறவர்களை யாரும் மறிக்கவில்லை.

பாவாடை பெட்டியின் கதவைத் தட்டியபடி கேட்டான். "இத இன்னா பண்றதுங்க? மாடுகூட மோந்து பாக்காது."

மறியலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்து, வீரமுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, அப்படியே நின்றார்.