எங்கள் ஊரில் மீன் பறக்காது

எங்கள் ஊரில் துணியில் தைத்த மீனைப் பறக்கவிடுவதில்லை. மற்ற ஊர்களில் மே மாதம் வந்தால் ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் கம்பம் நட்டு மீனைக் கட்டுவார்கள். அது வாயைப் பிளந்துகொண்டு காற்றில் ஆடும். எங்கள் மலையில் கூடாது. எந்தக் காலத்திலோ போரில் தோற்று இங்கே வந்து ஒளிந்தவர்களில் ஒருவன், மகன் பிறந்த சந்தோஷத்தில் மீன் கட்டினானாம். எதிரிகள் அதைப் பார்த்து ஏறி வந்து எல்லாரையும் வெட்டிப் போட்டார்களாம். எல்லாரும் செத்த பிறகு இந்தக் கதையைச் சொன்னது யார் என்று சிறுவயதில் கேட்டு அப்பாவிடம் அறை வாங்கினேன். பதில் இன்னும் வரவில்லை.

என் மகன் ரோகுஜி அணைக்கட்டு வேலையில் மண் சரிந்து செத்தான். அப்போது மருமகள் மிட்சுயோவின் வயிற்றில் பிள்ளை. இசாமு பிறந்து முதல் மே மாதம் வந்ததும் அவள் பழைய மெத்தையுறையைப் பிரித்து விரித்தாள். அவள் ஆற்றோரத்து ஊர்க்காரி, அங்கே மீன் கட்டுவது வழக்கம்.

"மாமா, மூங்கில் வளைச்சுத் தாங்க. வாய் வட்டமா நிக்கணும்."

"இங்க கூடாதும்மா."

"உங்களுக்கு அதுல நம்பிக்கை உண்டா?"

"எனக்கு ஊர்க்காரங்க மேலயே நம்பிக்கை இல்ல."

"அப்ப வளைங்க. இவனுக்கு அப்பன் இல்ல. இப்படி ஒருத்தன் பொறந்திருக்கான்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

வளைத்துக் கொடுத்தேன். தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டு, மையால் செதில் வரைந்தாள். வால் பக்கத்தை மூடித் தைக்கவில்லை. காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் கிழிந்துவிடும். கண்ணுக்கு என் மகனின் கோவணத் துணி. நல்ல வெள்ளை அது.

மீன் ஏறிய மறுநாள், தேவதாரு மரத்தில் கிளை கழிக்கப் போன ஊர்க்காரன் கிஸாகு விழுந்து செத்தான்.

பொழுது சாயும் முன்பே ஊர்த்தலைவன் குராட்டா வந்துவிட்டான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"மீனைக் குடுங்க, கிஹேய் ஐயா. கிஸாகு சிதையில போட்டு எரிச்சிரலாம். மருமக தலைகுனிஞ்சு கும்பிட்டா ஊர் மறந்துரும். இல்லன்னா வாய்க்கா தண்ணி உங்க வயலுக்கு வராது. நான் சொல்லல, எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா எப்பவும் நீதானடா."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். தண்ணீர் இல்லையென்றால் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் தாயும் பிள்ளையும் இந்த வீட்டில் இருக்க முடியாது. எனக்கு வயதாகிவிட்டது, கூலிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மிட்சுயோ மீனை இறக்கி மடியில் போட்டுத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா பண்ற?"

"மீனாக் குடுத்தா, கொன்னது இதுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. துணியாக் குடுக்கறேன். சாவு வீட்டுக்குத் துணி குடுக்கறது தப்பில்லையே."

மறுநாள் காலையில் கிஸாகுவின் தாய் ஷிமேயே வந்தாள். என் வயதுக்காரி. மிட்சுயோ மடித்த துணியை இரண்டு கையாலும் அவள் முன்னே நகர்த்தினாள். ஷிமே விரித்துப் பார்த்தாள்.

"இது மீன் இல்லையே."

"துணி, அத்தை."

"துணிய வச்சு நான் என்ன பண்றது?" கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். "காலையிலயே குடிச்சிட்டுப் போனான். குளுருதுன்னான், நான்தான் ஊத்திக் குடுத்தேன். இடுப்புல கயிறே கட்டலயாம். கூடப் போனவன் சொன்னான். மீன் எரியலன்னா ஊரு இதைத்தான் பேசும். திருப்பித் தைச்சுக் குடும்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "உன் மகன் குடிச்சதுக்கு என் பேரன் மேல பழியா?"

"உன் பேரன் உசுரோட இருக்கான்ல."

மிட்சுயோ ஷிமேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு ஊசியில் நூல் கோத்து ஒன்றை ஷிமேயிடம் நீட்டினாள். ஆளுக்கொரு பக்கமாகத் தைத்தார்கள். ஷிமேயின் பக்கம் கோணலாகப் போனது. பிள்ளை நடுவில் கிடந்து வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"விடுடா சாமி," என்று ஷிமே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

சுடுகாட்டில், முதுகில் பிள்ளையோடு மிட்சுயோ மண்ணில் நெற்றி படக் கும்பிட்டாள். குராட்டா கழியில் மாட்டி மீனைச் சிதைமேல் போட்டான். அது உடனே எரியவில்லை. சூடு வாய்க்குள் புகுந்து உப்பி, எழுந்து, வாலை அடித்துக்கொண்டு தீக்கு மேலே நின்றது. கூட்டம் பின்வாங்கியது. ஷிமே மட்டும் நகரவில்லை. பிறகு மீன் வாயில் தீப்பிடித்து அப்படியே மடிந்து விழுந்தது. கிஸாகு குடித்திருந்ததை யாரும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

வயலுக்குத் தண்ணீர் வந்தது. குராட்டா ஒரு கூடை மூங்கில் குருத்து அனுப்பினான். நான் அதை வேகவைக்கவில்லை, பன்றி வளர்ப்பவனிடம் கொடுத்துவிட்டேன்.

நாற்று நடும் சமயம் மிட்சுயோ வாய்க்காலில் பிள்ளைத்துணி அலசிக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையிலிருந்து தாண்டி வந்த பெண் ஒருத்தி குனிந்து, அவள் முதுகில் இருந்த இசாமுவின் கன்னத்தைத் தட்டினாள். குரலில் பகை எதுவும் இல்லை, கொஞ்சலாகத்தான் கேட்டாள்.

"இவன்தானா அந்த மீன்காரப் பய, கிஸாகுவைக் கொன்னவன்?"

"ஆமாக்கா, இவன்தான்," என்று மிட்சுயோ துணியை முறுக்கிப் பிழிந்தாள்.