மனப்பாடம்

பெரியவள் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறிக் காற்றில் புத்தகத்தின் இரண்டு தாள்கள் சேர்ந்தாற்போலப் புரண்டன. அவள் நிறுத்தவில்லை. ஆற்றைக் கடக்கப் பயந்து கரையில் நின்ற யானைக்குட்டியைப் பற்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வந்த இடத்தில் குரலை உயர்த்தி, மணிமணியாக வாசித்துக்கொண்டே போனாள். அவள் விரல் ஊர்ந்துகொண்டிருந்த பக்கத்தில் யானையும் இல்லை, ஆறும் இல்லை. ஒரு தபால்பெட்டியின் படமும் அதன் கீழே நாலு வரியும்தான் இருந்தன.

காலை ஷிப்ட் முடிந்து வந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவின் கை பாதியில் நின்றது. பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறவர் அவர். மூன்று கண்ணாடிகளில் மூன்று விதமாகத் தெரியும் சாலையை ஒரே நேரத்தில் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண் பார்த்ததை இப்போது மனசு ஒத்துக்கொள்ள மறுத்தது.

“பாப்பா, இந்த வரியை மட்டும் இன்னொரு தடவ வாசி.”

“எந்த வரிப்பா?”

“இதோ, விரல் வச்சிருக்கியே, அதான்.”

அவள் குனிந்து பார்த்தாள். காதுமடல் சிவந்தது. பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த சின்னவள்தான், அக்கா மாட்டிக்கொண்டாளே என்ற பதற்றத்தில், காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு போட்டு உடைத்தாள். “அப்பா, அந்தப் பக்கம் நான் அக்காவுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கல.”

விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. தினமும் மாலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னவள் எழுத்துக்கூட்டி மூன்று தடவை வாசிப்பாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மனசில் ஏற்றிக்கொள்வாள். அதற்குக் கூலி, காலையில் சின்னவளுடைய ஷூ லேஸைக் கட்டிவிடுவது. ஒன்றரை வருடமாக நடந்த இந்த ஏற்பாடு வீட்டில் ஒரு காக்காய்க்கும் தெரியாது. பெரியவள் புத்தகத்தை மூடினாள். தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. சின்னவள் லேஸ் அவிழ்ந்த ஷூவோடு பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

ஓட்டுநருக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறாளே என்ற கோபம். அது கொஞ்சம் ஆறியதும், ஒன்பது வயதுப் பிள்ளை இப்படி ஒரு பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டா சிரித்து விளையாடிக்கொண்டிருந்தது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் மாடிக்கு அழைத்துப் போனார். துணி காயும் கொடிகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எழுத்து உனக்கு எப்படித் தெரியுதுன்னு சொல்லு. அப்பா திட்ட மாட்டேன்.”

அவள் கொடியில் தொங்கிய ஒரு துணியின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். “தெரியுதுப்பா. ஆனா நிக்க மாட்டேங்குது. ஒண்ணப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள முதல்ல பாத்தது என்னன்னு மறந்துடுது.”

“ஏம்மா எங்ககிட்ட சொல்லல?”

“எல்லாரும் மனப்பாடம்தான் பண்றாங்கன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் ஞாபகசக்தி கம்மின்னு நெனச்சேன்.”

அவர் எழுந்து போய், காய்ந்திருந்த ஒரு துண்டை எடுத்து, பிரித்து, மறுபடி கொடியிலேயே போட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவளுடைய வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தார். அவர் நல்ல பெண்மணி, ஆனால் ஒரு வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். “வாய்ல கேட்டா டாண் டாண்னு சொல்றா சார், எழுதத்தான் சோம்பேறித்தனம்னு நெனச்சேன்” என்று சங்கடப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெற்றோர் எழுத்தில் கேட்டால் சிறப்புக் கல்வி மதிப்பீடு செய்ய ஆள் வருவார்கள் என்றும், வாயால் சொன்னால் அது காற்றோடு போய்விடும் என்றும் சொன்னார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். வலியோடு வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு உட்காரவைத்துப் பழகியவள். வீட்டில் அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

“மனு கினுன்னு எதுவும் வேணாங்க. டியூஷன் வைக்கலாம். நானே உக்காந்து சொல்லித் தர்றேன்.”

“டியூஷன் வச்சா அதையும் மனப்பாடம் பண்ணுவா.”

“எங்க அண்ணனுக்கு இப்படித்தான் பள்ளிக்கூடத்துல ஒரு பேரு வச்சாங்க. மரக்கட்டைன்னு. வாத்தியார் வச்ச பேரு. அப்புறம் தெருவே கூப்பிட்டுச்சு. நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னைக்கும் ஒரு விசேஷத்துக்கு வர்றதில்ல. எம்பொண்ணுக்கும் ஒரு காகிதத்துல பேரெழுதி வாங்கிட்டு வரப் போறீங்களா?”

ஓட்டுநருக்கு மைத்துனரைத் தெரியும். மோட்டார் பம்பைப் பிரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்ப மாட்டுகிற மனுஷன். வங்கியில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தால் மட்டும் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்பார். அவர் கண்ணாடி போட்டு யாரும் பார்த்ததில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

“உங்க அண்ணனுக்குப் பேரு வச்சாங்களே ஒழிய, என்னன்னு யாரும் பாக்கலையே” என்றார்.

அவள் கீழே போட்ட துணியை மறுபடி எடுத்தாள். துணி முழுவதையும் மடித்து முடித்தாள். அடுக்கியதை அலமாரியில் வைத்தாள். பிறகு மேசைக்கு வந்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு, “சொல்லுங்க, உங்க கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்” என்றாள்.

“என் மகளுக்குப் படிப்பு வரவில்லை” என்று அவர் ஆரம்பித்தார். அவள் பேனாவை நிறுத்தினாள். “படிப்பு வருதுங்க. எழுத்துதான் வரல” என்று சொல்லிவிட்டு, தானே எழுதினாள்: என் மகள் கேட்டதை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறாள். எழுத்துகளை வாசிப்பதில் அவளுக்குச் சிரமம் இருக்கிறது. காரணம் என்ன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். அவளே முதலில் கையெழுத்துப் போட்டாள்.

தலைமையாசிரியை மனுவை வாசித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். “அஞ்சாம் வகுப்பு வரட்டுமே சார். சில பிள்ளைங்க தானாவே சரியாயிடும். ஒரு வருஷம் பாக்கலாம்.”

“மேடம், நான் அம்பது அறுபது பேர ஏத்திட்டுப் போறவன். பிரேக்ல லேசா சத்தம் கேட்டா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு வண்டிய எடுக்க மாட்டேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னா சந்தோஷம். ஆனா பாத்துட்டுச் சொல்லுங்க.” பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து நீட்டினார். “இதுல பெற்றுக்கொண்டேன்னு தேதி போட்டு ஒரு கையெழுத்து.”

தலைமையாசிரியை நகலை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு இழுப்பறையை மூடிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது. இதற்கிடையில் அக்காவும் தங்கையும் எப்படியோ ராசியாகிவிட்டார்கள். மதிப்பீட்டு நாள் காலையில் பெரியவள் சாப்பிடவில்லை. “நான் தப்பாச் சொன்னா ஃபெயிலாப்பா?” என்று கேட்டாள். “இதுல பாஸ், ஃபெயில் எதுவும் இல்ல. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, போதும்” என்றார். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மதிப்பீடு செய்ய வந்தவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த பெண். பள்ளி நூலகத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். ஓட்டுநரும் மனைவியும் வெளியே நின்றார்கள். கதவில் கண்ணாடி வைத்திருந்தது. முழுவதும் சாத்தாததால் உள்ளே பேசுவதும் லேசாகக் கேட்டது. மனைவி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையில் போன வருட விளையாட்டு விழாப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரே தாளைக் கால் மணிநேரமாக.

அந்தப் பெண் ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரியவள் உதட்டைக் கடித்தாள். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது ஒரு வார்த்தையை ஊகித்துச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். முகம் மாறினால் வார்த்தையை மாற்றுவாள். அந்தப் பெண்ணின் முகத்தில் எதுவும் இல்லை. அவசரமும் இல்லை.

“தெரியல” என்றாள் பெரியவள்.

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த அட்டை.

“இதுவும் தெரியல.”

இந்தத் தடவை குரல் தெளிவாகவே வந்தது. மனைவி திரும்பி வந்து கணவரின் தோளோடு ஒட்டி நின்று, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். மூன்றாவது அட்டை மேசைக்கு வந்தது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே, தன் நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.