மீட்டிங் போர்வை

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அஞ்சு நிமிஷம்'. "ஒரு அஞ்சு நிமிஷம் பேசிடலாமா?" என்று அவர் கூப்பிட்டால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். கெட்ட மனிதர் இல்லை. யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். அதனால் எதையும் முடிவு செய்ய மாட்டார், இன்னொரு கூட்டம் வைப்பார்.

என் வேலை மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுவது. அது தலைக்கு மேல் கிடக்கும்போது ஒரு நாளைக்கு நாலு கூட்டத்தில் உட்கார வேண்டும். அவற்றில் பாதியில் நான் வாய் திறக்கவே தேவையில்லை. அந்தப் பாதியில்தான் கம்பளி பின்னும் குரோஷே ஊசியை எடுப்பேன். என் கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது, வாய் சும்மா இல்லாவிட்டால் வேலை இருக்காது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு போர்வை ஆரம்பித்தேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு வரிசை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் என்றால் சாம்பல் நிறக் கம்பளி. யாரையாவது பிடித்து வறுத்தெடுத்தால் நீலம். செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டால் சிவப்பு. ஏதாவது ஒன்று உருப்படியாக முடிவானால் பச்சை. பச்சை நூல்கண்டு மட்டும் வாங்கியது வாங்கியபடியே இருந்தது.

"அந்தப் பச்சைய கடையில திருப்பிக் குடுத்துடேண்டி, பாவமா இருக்கு" என்பாள் அக்கா. நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட அதிகம் உழைக்கிறவள், என்னைவிட நன்றாகத் தூங்குகிறவள். அந்த இரண்டாவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் நூலகக் கூடத்தில் வருஷம் ஒருமுறை கைவேலைக் கண்காட்சி நடக்கும். பொருளைச் செய்தவரே நேரில் கொண்டுபோய், கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வேறு ஆள் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு மணிக்குள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எனக்குக் கொடுக்கப் பொருள் இருந்தது, போக வழி இல்லை. எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பை ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமைதான் வெளியிடுவோம். அன்று எல்லோரும் காலை ஒன்பதுக்கே ஆஜராக வேண்டும்.

இந்த வருஷமும் அதே சனிக்கிழமை வந்து வாய்த்தது. இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டேன்.

"அடுத்த தடவை பாத்துக்கலாமே. இந்த சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் முக்கியம்" என்றார் அஞ்சு நிமிஷம், கெஞ்சுகிற முகத்தோடு.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க சார்."

"அப்படியா? சரி, நாளைக்கு இதப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாம்."

அழுகை வந்தது. ஆபீஸ் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, அந்தப் பேச்சுக்கும் ஒரு சிவப்பு வரிசை பின்னினேன்.

மறுநாள் புதன்கிழமை. வீட்டிலிருந்தே வேலை. பதினோரு மணிக்கு முப்பது பேர் கலந்துகொள்ளும் காணொளிக் கூட்டம். துறைக்குப் புதிதாக வந்த தலைவி எல்லோருடைய அறிக்கையையும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் சிரிக்காதவர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

என் மடிக்கணினியின் கேமராவை நான் ஒருபோதும் அணைப்பதில்லை. அதன்மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன், எட்டு மாதமும் அதை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. அன்று போர்வை வேண்டிய நீளத்துக்கு வந்துவிட்டதா என்று அளந்து பார்க்க ஆசை. அதுவரை மடியில் மடித்து வைத்தே பின்னியதால் முழுசாக விரித்துப் பார்த்ததே இல்லை. எதிரே இருந்த கட்டிலின் தலைமாட்டில் ஒரு முனையை மாட்டி, இழுத்து விரித்தேன். இன்னும் ஒரே ஒரு வரிசை போட்டால் போதும். சந்தோஷத்தில் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து ரசித்தேன். அப்போதுதான் போர்வையின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. என் ஸ்டிக்கர்.

கணினிப் பக்கம் திரும்பினேன். முப்பது முகங்கள் மூச்சுவிடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது... உங்க கேமரா ஆன்ல இருக்கு" என்றார் அஞ்சு நிமிஷம்.

பாய்ந்துபோய்ப் போர்வையை அள்ளப்போனேன்.

"மடிக்காதீங்க" என்றார் தலைவி. "அது என்ன?"

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். "நான் பேசத் தேவையில்லாத மீட்டிங் எல்லாம் மேடம். ஒண்ணுக்கு ஒரு வரிசை."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே மைக்கை அணைத்தார். தலைவி சிரிக்கவில்லை. திரைக்கு அருகே வந்து கண்ணைச் சுருக்கினார்.

"அந்தச் சிவப்பு ஏன் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில வருது?"

திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எட்டு மாதம் என் கையால் பின்னியும் எனக்குத் தெரியாமல் போனது, விரித்த பிறகு சுவர்க் கடிகாரம் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. சாம்பல், சாம்பல், நடுவே நீலம், பிறகு ஒரு சிவப்பு. மறுபடியும் அதே.

"அது சனிக்கிழமை மேடம். ரிலீஸ் நாள். சிவப்புன்னா தள்ளிப்போட்டதுன்னு அர்த்தம்."

"எத்தனை தடவை?"

விரலால் தொட்டு எண்ணினேன். முப்பது பேரும் என்னோடு சேர்ந்து எண்ணியிருப்பார்கள். "பதினாறு சனிக்கிழமை. பதினாறும் சிவப்பு."

"ஏன் தள்ளிப்போடறீங்க?"

இனி என்ன போகப்போகிறது என்று தோன்றிவிட்டது. வேலை போனாலும் சனிக்கிழமையாவது மிஞ்சும். "எங்க வேலை வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடும் மேடம். பாதுகாப்புக் குழு சரின்னு சொன்னாத்தான் வெளியிட முடியும். அவங்களுக்கு சனிக்கிழமை லீவு. நாங்க சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு, திங்கட்கிழமைக்குத் தள்ளிட்டு வீட்டுக்குப் போவோம். ரெண்டு தடவை அறிக்கையில எழுதியிருக்கேன்."

தலைவி அஞ்சு நிமிஷத்தின் பக்கம் பார்த்தார். திரையில் எல்லோரும் நேராகத்தான் பார்ப்பார்கள், ஆனாலும் அது யாருக்கான பார்வை என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அது... ரொம்ப நாளா அப்படித்தான் மேடம் நடக்குது" என்றார் அவர்.

ஒரு மூலையிலிருந்து பாதுகாப்புக் குழுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே? வியாழக்கிழமை வச்சீங்கன்னா நாங்க எல்லாரும் இருப்போம்."

"அப்ப இனிமே ரிலீஸ் வியாழக்கிழமை. இந்த வாரத்துது அடுத்த வியாழனுக்குப் போகட்டும்" என்றார் தலைவி. "சனிக்கிழமை யாரும் வரவேண்டாம். வேற ஏதாவது இருக்கா? இல்லன்னா முடிச்சுக்கலாம்."

முடித்தும் விட்டார். ஒரு மணி நேரக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. அணைப்பதற்கு முன் என்னிடம் மட்டும் கேட்டார்: "இந்த மீட்டிங் என்ன கலர்?"

"பச்சை மேடம்" என்றேன். அவருக்கும் சிரிக்கத் தெரிந்திருக்கிறது.

கடைசி வரிசையைப் பச்சையில் பின்னினேன். அவசரத்தில் இரண்டு முறை பிரித்துப் பின்ன வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்த அக்காவிடம் சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினாள்.

சனிக்கிழமை பத்தரைக்கு நூலகக் கூடத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் விவரம் எழுதிக்கொண்டே, "செய்ய எவ்வளவு நேரம் ஆச்சுங்க?" என்று கேட்டாள்.

"எட்டு மாசம். ஆனா என் நேரம் ஒரு நிமிஷம்கூட இல்ல" என்றேன். "எல்லாம் ஆபீஸ் நேரம்."

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரையில் 'அஞ்சு நிமிஷம்'. கூட வந்திருந்த அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"முடியாது சார்." அதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. "இன்னைக்கு சனிக்கிழமை."

"ஐயோ, ஆபீஸ் விஷயம் இல்லம்மா. கறிகாய் வாங்க வந்தேன், நூலக வாசல்லதான் நிக்கிறேன். அஞ்சு நிமிஷம் உள்ள வந்து பாத்துட்டுப் போலாமான்னு கேக்கத்தான்."

வந்தார், கையில் பையோடு. மேசைமேல் விரித்திருந்த போர்வையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"பச்சையத் தவிர எங்க பாத்தாலும் நீங்கதான் சார்."

ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார், பையிலிருந்த தக்காளி ஒன்று உருண்டு விழும் அளவுக்கு. நான் பேனாவை வாங்கி, செய்தவர் என்ற இடத்தில், கோட்டுக்கு வெளியே போனாலும் பரவாயில்லை என்று, என் பெயரைப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.